கல்லடியில் விலைக்கு நிற்கும் ட்வின் ரிவேர்ப்: எது அசல், எது மாற்றியது, எவ்வளவு கொடுக்கலாம்

மட்டக்களப்பு கல்லடியில் ஒரு வீட்டில் ஃபென்டர் ட்வின் ரிவேர்ப் என்ற பழைய வால்வ் கிட்டார் அம்ப் ஒன்று விலைக்கு நிற்கிறது. வெள்ளி முகப்பு, மாஸ்டர் வொலியூம் (மொத்தச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு) உள்ள மொடல், 1970களின் முற்பகுதி. "முழு ஒரிஜினல், ஒரு ஸ்க்ரூகூடக் கழட்டேல்ல" என்று சொல்லி அதற்கேற்ற விலையும் கேட்கிறார்கள். சேசிஸை (பாகங்கள் பூட்டிய உலோகச் சட்டத்தை) இறக்கி உள்ளே பார்த்து, அளந்து, வாசித்துப் பார்த்த பிறகு எழுதும் மதிப்பீடு இது. வாங்கலாம், ஆனால் அந்த விலைக்கு வேண்டாம். ட்ரான்ஸ்போமர், ஸ்பீக்கர், பெட்டி எல்லாம் அதே ஆண்டைச் சேர்ந்து, பழுது பார்க்கப்பட்டு ஒழுங்காக ஓடும் ஒரு ட்வினை 100 என்று வைத்தால், இங்கே கேட்பது 90. இந்த அம்ப் பெறுமதி 60.

100இல் இருந்து 60க்கு வரும் அந்த 40 எங்கே போனது என்பதை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். பழைய அம்ப் வாங்க நினைக்கும் பலர் தவறான இடத்தில் அசலைத் தேடுகிறார்கள். காய்ந்துபோன கொண்டென்சர் அசலாக இருக்கிறது என்று சந்தோசப்படுகிறார்கள், கோன் மாற்றிய ஸ்பீக்கரைக் கவனிக்காமல் விடுகிறார்கள்.

முதலில் ஆண்டு. லியோ ஃபென்டர் தன் கம்பனியை சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்துக்கு விற்றது 1965 ஜனவரியில். கறுப்பு முகப்புள்ள அம்ப்புகள் 1967 வரை, அதன்பின் 1980களின் தொடக்கம் வரை வெள்ளி முகப்பு. சேகரிப்பாளர்கள் அதிக விலை கொடுப்பது கறுப்பு முகப்புக்கு. வெள்ளி முகப்பு ட்வின் ஏராளமாகச் செய்யப்பட்டது, சுமார் 30 கிலோ பாரம், சிறிய இடத்தில் வாசிக்க முடியாத அளவு சத்தம். அதனால் டீலக்ஸ் ரிவேர்ப் போன்ற சிறியவற்றைவிட விலை எப்போதும் தாழ்ந்தே இருந்து வருகிறது. வாங்குபவருக்கு அது நல்லது. கையால் கம்பியிட்ட, நான்கு 6எல்6ஜிசி வால்வ் உள்ள அம்ப்பை நியாயமான காசுக்கு எடுக்க இதைவிட நல்ல வழி இல்லை.

மாஸ்டர் வொலியூம் ட்வினுக்கு வந்தது 1972இல். 1977 அளவில் 135 வாட் வடிவம் வந்தது. அதன் வெளியீட்டு ட்ரான்ஸ்போமர் வேறு, சத்தத்தின் தன்மையும் வேறு, சேகரிப்பாளர் மதிப்பும் குறைவு. ஆகவே மாஸ்டர் வொலியூம் இருக்கிறது, ஆனால் அதை வெளியே இழுத்து பூஸ்ட் போட முடியாது என்றால் 70களின் முற்பாதி என்று ஏறக்குறையச் சொல்லலாம். சரியான ஆண்டை உள்ளே இருக்கும் இலக்கங்கள்தான் சொல்லும். பின்பக்கத் தொடரிலக்கத்தை மட்டும் நம்பி ஆண்டு சொல்பவரை நம்ப வேண்டாம்.

வொலியூம், ட்ரெபிள் கொன்ட்ரோல்களின் முதுகில் அடித்திருக்கும் இலக்கத்தில் முதல் மூன்று செய்தவரைக் குறிக்கும்: 137 என்றால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டக்போல். அடுத்த இரண்டு ஆண்டு, கடைசி இரண்டு வாரம். இந்த அம்ப்பில் அதிகமாக இருப்பது 1377309, 1377314. அதாவது 1973இன் 9ஆம், 14ஆம் வாரங்கள். கொன்ட்ரோல்கள் தொழிற்சாலையில் மாதக்கணக்கில் கிடந்த பிறகும் பூட்டப்பட்டிருக்கும். எனவே இந்த இலக்கம் "இதற்கு முன் செய்யப்பட்டதல்ல" என்பதை மட்டுமே உறுதியாகச் சொல்லும். ட்ரான்ஸ்போமர்களில் 606-3-17: 606 ஷூமேக்கர், 3 ஆண்டின் கடைசி இலக்கம், 17ஆம் வாரம். ஆண்டுக்கு ஒரே இலக்கம் என்பதால் 1963 என்றும் வாசிக்கலாம், ஆனால் மற்றவை எல்லாம் 1973 என்று சொல்லும்போது சந்தேகம் இல்லை. ஸ்பீக்கர் சட்டத்தில் 465-316: 465 ஒக்ஸ்ஃபோர்ட், 1973, 16ஆம் வாரம். எல்லாம் இரண்டு மாதத்துக்குள் வந்து நிற்கின்றன. அம்ப் 1973 நடுப்பகுதியைச் சேர்ந்தது, பெரிய பாகங்கள் ஒன்றோடொன்று பிறந்தவை. விற்பவரின் பேச்சில் இந்தப் பகுதி உண்மை.

இரண்டாவது சனலின் மிடில் கொன்ட்ரோல் மட்டும் இலக்கமில்லாத புதியது. அதன் கம்பிகளில் பழைய சோல்டரின் மங்கல் நிறம் இல்லை, பளபளப்பு. ஸ்க்ரூகூடக் கழட்டேல்ல என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. அது சிறிய குறைதான். மாற்றியவர் அளவு சரியாகப் போட்டிருக்கிறார், முகப்புத் துளையைப் பெருப்பிக்கவில்லை. துளை பெருத்திருந்தால் அது வேறு கதை, உலோகத்தில் போட்ட ஓட்டையைத் திரும்ப மூட முடியாது.

ட்ரான்ஸ்போமர்தான் இந்த அம்ப்பின் பெரிய பலம். மின் வழங்கும் ட்ரான்ஸ்போமர், வெளியீட்டு ட்ரான்ஸ்போமர், சோக் மூன்றும் அசல். எங்கள் பக்கத்தில் இது அரிது. அமெரிக்க 120 வோல்ட் அம்ப்பை யாராவது ஒருநாள் நேரே 230 வோல்ட்டில் செருகிவிடுவார்கள், ட்ரான்ஸ்போமர் எரியும், மோட்டர் கட்டும் வைண்டிங் கடைக்குப் போகும். மின் ட்ரான்ஸ்போமரை நல்ல கை உள்ளவர் திருப்பிக் கட்டினால் அம்ப் ஓடும், பெறுமதிதான் குறையும். வெளியீட்டு ட்ரான்ஸ்போமரைத் திருப்பிக் கட்டியிருந்தால் பெறுமதியும் போகும், சத்தமும் போகும். அதில் முதல்நிலைச் சுற்றையும் இரண்டாம்நிலைச் சுற்றையும் அடுக்கடுக்காக மாறி மாறிச் சுற்ற வேண்டும். மோட்டர் கட்டுகிற முறையில் ஒன்றை முடித்து அதன் மேல் மற்றதைச் சுற்றினால் மேல்சத்தம் மழுங்கிவிடும்.

திருப்பிக் கட்டியதைக் கண்டுபிடிக்க வேண்டிய இடங்கள்: மூடித் தகட்டின் நான்கு ஆணிகளில் சாவி பிடித்த காயம், வெளியே வரும் கம்பிகளில் துணி உறைக்குப் பதிலாக பிளாஸ்டிக் உறை, புதிய வார்னிஷ் மணம், அடுக்குத் தகடுகளின் ஓரத்தில் தட்டிய அடையாளம். வெளியீட்டு ட்ரான்ஸ்போமரை அளக்கவும் முடியும். அம்ப்பை அணைத்து, கொண்டென்சர்களின் மின்னை இறக்கி, வால்வ்களையும் ஸ்பீக்கரையும் கழற்றிவிட்டு, ஸ்பீக்கர் பக்கத்துக்கு 1 வோல்ட் ஆடலோட்டம் கொடுங்கள். இரண்டு பக்க 6எல்6களின் பிளேட் முனைகளுக்கிடையே ஏறக்குறைய 22 வோல்ட் வர வேண்டும். நான்கு வால்வ்களுக்கு ஏறத்தாழ 2000 ஓம், ஸ்பீக்கருக்கு 4 ஓம்: 500க்கு வர்க்கமூலம் 22 சொச்சம். இதில் 22 வந்தது. இரண்டு பாதிகளிலும் சமமாகவும் வந்தது.

இந்தச் சோதனைக்கு மின் இறக்குவது முக்கியம். உள்ளே 460 வோல்ட் அளவு இருக்கும், அணைத்த பிறகும் தங்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை முதலைக் கிளிப்பில் பிடித்து, மறுமுனையைச் சேசிஸில் பூட்டி, முதல் கொண்டென்சரின் நேர் முனையில் பத்து விநாடி வையுங்கள், பிறகு மீற்றரால் பார்த்து உறுதி செய்யுங்கள். ஸ்க்ரூட்றைவரைக் குறுக்கே வைத்து "டப்" என்று இறக்கும் பழக்கத்தை விட வேண்டும். கொண்டென்சரும் கெடும், கண்ணும் கெடும்.

ஸ்பீக்கரில்தான் பெரிய ஏமாற்றம். சட்டங்கள் இரண்டும் 1973 ஒக்ஸ்ஃபோர்ட், இலக்கமும் பொருந்துகிறது. ஆனால் இலக்கம் சொல்வது சட்டத்தின் வயதை மட்டும். இடது ஸ்பீக்கரின் கோன் அசல், நடுமூடி லேசாக அமுங்கியிருக்கிறது, கிழிசல் இல்லை. வலதுக்குக் கோன் மாற்றியிருக்கிறார்கள். கோயில் திருவிழாவுக்குக் கட்டும் லவுட்ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் போடுகிற தடித்த கோன், துணி விளிம்பு. பசை மஞ்சளாகப் புதிதாக இருக்கிறது. மீற்றரில் இடது 6.4 ஓம், வலது 5.3 ஓம். இரண்டும் 8 ஓம் ஸ்பீக்கராக இருந்தால் ஒன்றுக்கொன்று அரை ஓமுக்குள் இருக்க வேண்டும். வேறு வொய்ஸ் கொயில் என்பதற்கு அதுவே சாட்சி. வாசிக்கும்போது வலதுபக்கம் மேல்சத்தம் மந்தம், தாழ்ந்த ஈ தந்தியில் மட்டும் அது முந்திக்கொண்டு வருகிறது.

அசல் கோன் ஒரு தடவை போனால் போனதுதான். அதனால்தான் இதற்கு 10 கழிக்கிறேன். அந்த ஸ்பீக்கரைத் தூக்கி எறியக் கூடாது. அதே இலக்கமுள்ள சட்டமும் காந்தமும் கையில் இருந்தால், சரியான கோன் செட் வெளிநாட்டில் இருந்து வரவழைத்துப் போடலாம், பாதிப் பெறுமதி திரும்பும். அதுவரை வாசிப்பதற்கு ஒரே வகையான இரண்டு புதிய 12 அங்குல 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பூட்டி, பழையவை இரண்டையும் பெட்டியில் போட்டு வைப்பதே சரி. இரண்டையும் சமாந்தரமாகத்தான் இணைக்க வேண்டும், மொத்தம் 4 ஓம். தொடராக இணைத்து 16 ஓம் கொடுத்தால் வெளியீட்டு ட்ரான்ஸ்போமருக்கு ஆபத்து, சத்தமும் குறையும். ஒரு விஷயம் கூடுதலாக: சில ட்வின்களில் தொழிற்சாலையிலேயே ஜேபிஎல் டி120எஃப் பூட்டிக் கொடுத்தார்கள். அப்படி ஒன்று கிடைத்தால் கோனைக் கவனமாகப் பாருங்கள். அது அசலாக இருந்தால் 100க்கு மேலே போகும், பாரமும் இன்னும் கூடும்.

இனி எல்லோரும் சண்டை பிடிக்கும் இடம், கொண்டென்சர். சேசிஸின் மேல் தகட்டுப் பெட்டிக்குள் இருக்கும் ஐந்து பெரிய வடிகட்டிக் கொண்டென்சர்களும் 1973இன் அசல்தான். விற்பவர் அதைப் பெருமையாகச் சொல்கிறார். அவற்றில் இரண்டின் முனையில் வெள்ளைப் பொருக்கு தள்ளியிருக்கிறது, ஒன்று வீங்கியிருக்கிறது. ஐம்பது வருடம் தாண்டிய மின்பகு கொண்டென்சர், டயர் மாதிரித் தேய்கிற பொருள். அதை மாற்றுவதால் எந்த விவரமான சேகரிப்பாளரும் விலை குறைக்கமாட்டார். மாற்றாமல் ஓட்டி, அது குறுக்காகி, அசல் ட்ரான்ஸ்போமரை எரித்தால்தான் விலை விழும். மின்பகு கொண்டென்சர், வால்வ், ப்யூஸ், மின்வயர், வால்வ் இருக்கையில் இருக்கும் 470 ஓம் ஸ்க்ரீன் ரெசிஸ்டர்கள் எல்லாம் தேய்பவை. ட்ரான்ஸ்போமர், கோன், பெட்டி, ரெக்சின், கிரில் துணி, முகப்புத் தகடு, சிக்னல் பாதையில் உள்ள கொண்டென்சர்கள் எல்லாம் பெறுமதி. இந்தக் கோட்டை மனதில் வைத்துக்கொண்டால் விலை பேசுவது எளிது.

மாற்றும்போது ஒரு பொறி இருக்கிறது. முதல் இரண்டும் 70 மைக்ரோஃபரட் 350 வோல்ட், தொடராக இணைக்கப்பட்டவை. அதற்கு 100 மைக்ரோஃபரட் 350 அல்லது 400 வோல்ட் கிடைக்கும், பிரச்சினை இல்லை. அடுத்த மூன்றும் 20 மைக்ரோஃபரட் 525 வோல்ட். கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் கேட்டால் 22 மைக்ரோஃபரட் 450 வோல்ட்டைத் தருவார்கள், "இது போதும்" என்பார்கள். போதாது. ஸ்டான்ட்பையைத் திறக்கும் கணத்தில், வால்வ் மின்னை இழுக்கத் தொடங்குமுன், அங்கே 450ஐத் தாண்டும். 500 வோல்ட் கிடைக்காவிட்டால் 47 மைக்ரோஃபரட் 350 வோல்ட் இரண்டைத் தொடராகப் போட்டு, ஒவ்வொன்றின் குறுக்கேயும் 220 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டர் வையுங்கள். அது 23.5 மைக்ரோஃபரட், 700 வோல்ட் தாங்கும். பயஸ் (6எல்6கள் சும்மா நிற்கும்போது எவ்வளவு மின்னை இழுக்கும் என்பதைத் தீர்மானிக்கும் எதிர் மின்னழுத்தம்) கொண்டென்சரையும் சேர்த்து மாற்றுங்கள், 100 மைக்ரோஃபரட் 100 வோல்ட் போதும். அதன் நேர் முனை சேசிஸுக்குப் போகும் என்பதை மறந்து திருப்பிப் பூட்டுபவர்கள் உண்டு. இது காய்ந்தால் பயஸ் விழும், 6எல்6இன் பிளேட் சிவந்து, ஒரே நாளில் நான்கு வால்வும் போய்விடும்.

கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் பையில் போட்டு, எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி அம்ப்போடு வையுங்கள். கழற்றுமுன் படம் எடுங்கள். பிறகு விற்கும்போது அந்தப் பையும் படங்களும் காசு. நீலம், பழுப்பு நிறச் சிக்னல் கொண்டென்சர்களைத் தொட வேண்டாம். நேர்மின் கசிகிறது என்று மீற்றர் சொன்னால் மட்டும், அந்த ஒன்றை மட்டும்.

மின் இணைப்பு இந்த அம்ப்பின் அபாயமான பகுதி. அசல் மூன்று கம்பி வயரை வெட்டி, எர்த்தை விட்டுவிட்டு, இரண்டு முனை ப்ளக் போட்டிருக்கிறார்கள். கூடவே தருவது 230 வோல்ட்டை அம்ப்புக்கு ஏற்றபடி குறைக்கும் 300 விஏ ஸ்டெப் டவுன் பெட்டி, அதன் வெளியீட்டிலும் எர்த் இல்லை. இத்தகைய பெட்டிகள் பெரும்பாலும் ஒரே சுற்றில் நடுவே இடைமுனை (தட்டு) எடுத்தவை. உள்ளே போகும் இரண்டு முனை ப்ளக்கைத் திருப்பிச் செருகினால், அம்ப்புக்குப் போகும் இரண்டு கம்பிகளும் நிலத்தோடு ஒப்பிடும்போது உயர் மின்னழுத்தத்தில் நிற்கும்: ஒன்று 230, மற்றது 115 அளவில். அம்ப்பின் பின்பக்கம் இருக்கும் கிரவுண்ட் சுவிட்சில் இருந்து 0.047 மைக்ரோஃபரட் கொண்டென்சர் ஒன்று மின் கம்பியையும் சேசிஸையும் இணைக்கிறது. சேசிஸ் கிட்டாரின் தந்தியோடு இணைந்தது. சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நின்று தந்தியில் கை வைத்துக்கொண்டு மைக்கை உதட்டில் தொட்டால் அடிக்கும். அந்தக் கொண்டென்சர் குறுக்காகிப் போயிருந்தால் உயிர் போகும்.

செய்ய வேண்டியது: அந்தக் கொண்டென்சரின் ஒரு காலைக் கழற்றி, உறையிட்டு அதே இடத்தில் விடுங்கள். மூன்று கம்பி வயர் போட்டு, பச்சையைச் சேசிஸில் தனி ஆணியில் இறுக்குங்கள். ஸ்டெப் டவுன் 500 விஏக்குக் குறையாமல், உள்சுற்றும் வெளிச்சுற்றும் தனித்தனியாக உள்ளதாக, எர்த் ஊடாகப் போவதாக இருக்க வேண்டும். 120ஐவிட 115 வோல்ட் தருவதை எடுங்கள். அமெரிக்க ட்ரான்ஸ்போமர் 60 ஹேர்ட்ஸுக்குக் கட்டியது, எங்கள் 50 ஹேர்ட்ஸில் அதே மின்னழுத்தத்துக்கு இரும்பில் காந்தப் பாயம் ஐந்தில் ஒரு பங்கு கூடும், சூடேறும். கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் அந்தச் சூடு குறையும், வால்வ் இழைக்கும் 6 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கும்.

230 வோல்ட் ட்ரான்ஸ்போமரை உள்ளே மாற்றிப் பூட்டித் தருகிறோம் என்பவர்களிடம் கொடுக்க வேண்டாம். வசதிதான், ஆனால் அசல் ட்ரான்ஸ்போமரைக் கழற்றுவதால் கழியும் விலை, நல்ல ஸ்டெப் டவுன் ஒன்றின் விலையைவிடக் கூட. தொழிற்சாலையிலேயே பல மின்னழுத்தத் தட்டுகளோடு வந்த ஏற்றுமதி மொடல் என்றால் ஸ்டெப் டவுன் தேவையே இல்லை, இங்கே அப்படி ஒன்று கிடைத்தால் விட வேண்டாம். வருடக்கணக்கில் கிடந்த அம்ப்பை முதல் தடவை போடும்போது, ஸ்டெப் டவுனுக்கு முன்னால் 100 வாட் இழை பல்ப் ஒன்றைத் தொடராகப் பிடியுங்கள், வால்வ் இல்லாமல். பல்ப் ஒருகணம் மின்னி மங்கினால் சரி. பிரகாசமாகவே நின்றால் உடனே அணையுங்கள்.

மட்டக்களப்பில் உள்ள பழைய ஃபென்டர்களுக்கு என்று ஒரு வியாதி இருக்கிறது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. மாரியில் வீட்டுக்குள் துணியே காயாது. ஃபென்டர் பாகங்களைப் பூட்டியிருப்பது மெழுகு பூசிய கறுப்பு நார்ப்பலகையில். அந்தப் பலகை ஈரத்தை இழுத்து, மெல்ல மின்கடத்தத் தொடங்கும். அறிகுறி, வொலியூமைத் தொடாமலே வரும் கரகரப்பு, அடைமழை நாளில் கூடி வெயில் நாளில் குறையும். இதைப் பலர் வால்வ் என்று நினைத்து வால்வ் மாற்றுவார்கள், கொண்டென்சர் என்று நினைத்து அசல் நீலங்களை எல்லாம் பிடுங்கி எறிவார்கள். எத்தனையோ நல்ல அம்ப்புகள் பெறுமதி இழந்தது இந்தத் தவறான கண்டுபிடிப்பால்தான்.

சோதனை: அம்ப் ஓடும்போது, மீற்றரின் கறுப்பைச் சேசிஸில் கிளிப்பால் பூட்டிவிட்டு, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, சிவப்பு முனையை வெறும் பலகையில், 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்களுக்கு அருகே தொடுங்கள். பூச்சியத்தை ஒட்டி நிற்க வேண்டும். இந்த அம்ப்பில் முதல் வால்வுக்குரிய பகுதியில் 4 வோல்ட் காட்டியது. இது உயர் மின்னழுத்த வேலை, பழக்கம் உள்ளவர் மட்டும் செய்ய வேண்டும். கொண்டென்சர் கசிகிறதா பலகை கசிகிறதா என்று பிரிக்க, கொண்டென்சரின் ஒரு காலைத் தூக்குங்கள். அப்போதும் கால் பூட்டியிருந்த பலகைத் துளையில் நேர்மின் இருந்தால் பலகைதான். மருந்து எளிது: மின்னை இறக்கி, தலைமயிர் காயவைக்கும் ட்றையரை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, பகுதி பகுதியாகப் பதினைந்து இருபது நிமிடம் சூடு காட்டுங்கள். மெழுகு உருகி வழியும் அளவுக்குப் போக வேண்டாம். கீழே இன்னொரு நார்ப்பலகை உறையாக இருக்கிறது, அதற்கும் சூடு போக நேரம் கொடுங்கள். இந்த அம்ப்பில் ஒரு தடவையிலேயே 4 வோல்ட் அரை வோல்ட்டுக்குக் கீழே வந்தது, கரகரப்பும் நின்றது. பலகையையே மாற்றுவது கடைசி வழி, அப்படிச் செய்தால் அதை அசல் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் சில 100க்குப் பதில் 120, 125 கிலோ ஓம் காட்டுகின்றன. சத்தம் கேட்காவிட்டால் விடுங்கள்.

பெட்டி. பைன் மரப் பெட்டி, பல்லுப் பொருத்து, பொருத்துகள் விடவில்லை. அடிப்பலகையின் பின் மூலையில் கறையான் ஏறியிருக்கிறது. உளி முனையால் குத்தினால் இரண்டு அங்குலத்துக்கு உள்ளே போகிறது. ஸ்பீக்கர் பூட்டிய முன்பலகை துகள்பலகை, அதன் கீழ்விளிம்பு ஈரத்தில் ஊதியிருக்கிறது. கீழ்ப்பின்பலகை அசல் அல்ல, ப்ளைவூட் வெட்டிக் கறுப்புப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். ரெக்சினும் வெள்ளி-நீலக் கிரில் துணியும் அசல், பூஞ்சணம் பிடித்திருக்கிறது. கழிக்க வேண்டியது 12. இதைப் பார்த்து ரெக்சின் முழுவதையும் உரித்துப் புதிதாக ஒட்டலாம் என்று நினைக்க வேண்டாம். கிழிந்த அசல் ரெக்சின், அழகான புதிய ரெக்சினைவிடக் கூட விலை போகும். கறையான் தின்ற மூலையை மட்டும் வெட்டி பைன் துண்டு பொருத்தி, பழைய ரெக்சினை மேலே மடித்து ஒட்டுங்கள். பூஞ்சணத்தைச் சவர்க்காரத் தண்ணீர் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து நிழலில் காற்றாட விடுங்கள். வெயிலில் வைத்தால் ரெக்சின் சுருங்கும், கோன் கோணும். சப்பாத்துப் பொலிஷ் பூசி விற்பனைக்கு மினுக்கும் வழக்கம் உண்டு, மணத்திலேயே தெரிந்துவிடும்.

கடற்கரைப் பக்கத்து அம்ப் என்றால் 2004 சுனாமித் தண்ணீர் ஏறியதா என்று கட்டாயம் பாருங்கள். சேசிஸின் உள்மூலையில் வெள்ளைப் பொருக்கு, ட்ரான்ஸ்போமர் அடியில் ஒரே உயரத்தில் கோடு போட்ட துரு, வால்வ் அட்டவணைத் தாளில் தண்ணீர்க் கோடு. அப்படி இருந்தால் உதிரிப்பாக விலைக்கு மேல் கொடுக்கக் கூடாது. இந்த அம்ப்பில் அந்த அடையாளம் இல்லை. துரு உண்டு, அது காற்றில் வந்த துரு, எல்லா உயரத்திலும் சமமாகப் பரவியிருக்கிறது.

மற்றவை சுருக்கமாக. ரிவேர்ப் தொட்டியின் (எதிரொலி தரும் ஸ்பிரிங் பெட்டி) உள்நுழைவு 0.8 ஓம், நல்லது. வெளியீடு அறுந்திருக்கிறது, 200 ஓம் அளவு காட்ட வேண்டும். புதிய தொட்டி வாங்கி, பழையதை வைத்திருங்கள். ட்ரெமலோ வேலை செய்யவில்லை, உள்ளே இருக்கும் நியோன் விளக்கும் ஒளி உணர் ரெசிஸ்டரும் சேர்ந்த சிறு குழாய் போயிருக்கிறது, மலிவு. அசல் இரட்டைக் கால்சுவிட்ச் இல்லை. அது இல்லாமலும் அம்ப் ஓடும், ஆனால் விலை பேசும்போது அதற்கு ஒரு தொகை கழியுங்கள், தனியாக அசலைத் தேடி வாங்குவது சிரமம். மிடில் கொன்ட்ரோல், வயர், கால்சுவிட்ச் சேர்த்து 6.

வால்வ்கள் நான்கும் நான்கு விதம். நான்கையும் புதிதாக, பொருத்தம் பார்த்த செட்டாக வாங்க வேண்டும். காசு இல்லாவிட்டால் நடு இரண்டையோ ஓர இரண்டையோ கழற்றி, ஒரு ஸ்பீக்கரையும் கழற்றி 8 ஓமில் ஓட்டலாம். வலு பாதியாகும், ஆலயத்துக்கும் சிறு மண்டபத்துக்கும் அதுவே தாராளம். எப்படி ஓட்டினாலும் பயஸ் அளக்க வேண்டும். 460 வோல்ட்டில் ஒரு 6எல்6ஜிசிக்கு 32 முதல் 38 மில்லியம்பியர் நல்ல இடம், 45ஐத் தாண்ட விடாதீர்கள். வெள்ளி முகப்பில் உள்ளே இருக்கும் சிறு திருகு பெரும்பாலும் பயஸைக் கூட்டிக் குறைப்பதல்ல, இரு பக்கத்தையும் சமன் செய்வது மட்டுமே. அதைத் திருகிவிட்டுப் பயஸ் வைத்தாயிற்று என்று சொல்பவரிடம் அம்ப்பை விட்டு வர வேண்டாம். அதைப் பயஸ் கூட்டிக் குறைக்கும் திருகாக மாற்றலாம், ஒரு ரெசிஸ்டரும் இரண்டு கம்பியும்தான், எப்போதும் திருப்ப முடியும், விலை குறையாது.

கொண்டென்சர், வால்வ், ரிவேர்ப் தொட்டி, வேலைக்கூலி எல்லாம் வாங்குபவர் தலையில் விழும், அதற்கு 12. 10, 12, 6, 12. மிச்சம் 60.

சத்தம் எப்படி என்று கேட்டால், தற்காலிகமாகப் பொருத்தமான வால்வ்களோடும் இடது ஸ்பீக்கரோடும் வாசித்தபோது, இது ஒரு முழுமையான ட்வின். வொலியூம் 3, மாஸ்டர் முழுக்கத் திறந்த நிலையில், தந்தி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கிறது. பைலாவின் தாளக்கட்டை ஒற்றைக் கொயில் பிக்கப்பில் அடித்தால் மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் வெட்டிக்கொண்டு போகும். மாஸ்டரைக் குறைத்து முன்வொலியூமைக் கூட்டி உடைந்த சத்தம் எடுக்க முயன்றால் அது இந்த அம்ப்பின் வேலை அல்ல. மெல்லிய கிழிந்த சத்தம்தான் வரும். பெடலை நன்றாக ஏற்கும்.

இதைத் திருத்திய பிறகு விற்க நினைப்பவர், மாஸ்டர் வொலியூமை மறைத்துக் கறுப்பு முகப்புத் தகடு போட்டு 1965 என்று விற்கும் வேலைக்குப் போகக் கூடாது. அப்படிச் செய்தவை சந்தையில் இருக்கின்றன. அடையாளம்: முகப்பின் பின்னால் சேசிஸில் மூடாமல் நிற்கும் கூடுதல் துளை, 1970களின் கொன்ட்ரோல் இலக்கங்கள். உண்மையான 60களின் அம்ப்பில் வால்வ் அட்டவணையில் இரண்டு எழுத்து முத்திரை இருக்கும், முதல் எழுத்து ஆண்டு, இரண்டாவது மாதம். ஓ (O) என்றால் 1965, பி (P) என்றால் 1966. மறுவெளியீட்டு மொடலை உள்ளே பார்த்த உடனே கண்டுபிடிக்கலாம், அச்சிட்ட பலகை, நார்ப்பலகை இல்லை.

30 கிலோப் பெட்டியைக் கப்பலில் அனுப்பும் செலவு, வெளிநாட்டு விலைக்கும் இங்கத்தைய விலைக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பெரும்பாலும் தின்றுவிடும். கொழும்பில் வாங்க ஆள் உண்டு. அதனால் வெளிநாட்டு விளம்பரத்தில் பார்த்த தொகையை ரூபாயாக மாற்றி இங்கே கேட்பவருக்கு, அங்கே அது 120 வோல்ட்டில், ஸ்டெப் டவுன் இல்லாமல், திருத்துபவர் பக்கத்து ஊரில் இருக்கும் இடத்தில் கேட்கப்படும் விலை என்பதைச் சொல்லிப் பேசுங்கள்.

வால்வ் வேண்டாம் என்பவர், ஜப்பானில் இருந்து பாவித்த சாமானோடு வரும் ரோலண்ட் ஜேசி-120ஐப் பார்க்கலாம். 1975இல் வந்த மொடல், வால்வ் இல்லை, கோரஸ் சத்தத்துக்குப் பேர் பெற்றது. ஜப்பானில் விற்றது என்றால் அது 100 வோல்ட், 120 வோல்ட் ஸ்டெப் டவுனும் அதற்குக் கூட. பின்தகட்டை வாசிக்காமல் செருக வேண்டாம். சேகரிப்பு மதிப்பில் அது ட்வினுக்குக் கிட்ட வராது, மாதாமாதம் வாசிக்கும் குழுவுக்கு அதுவே தலைவலி குறைந்தது.

கல்லடி ட்வினை எடுப்பவர் சீமெந்துத் தரையில் நேரே வைக்க வேண்டாம். நான்கு மூலைக்கும் செங்கல் அல்லது சில்லு, சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி, கறையான் மருந்து தரைக்குத்தான், பெட்டிக்கு அல்ல. பிளாஸ்டிக் உறையால் இறுக்கி மூடினால் ஈரம் உள்ளே நிற்கும், பருத்தித் துணி போதும். மாரி மாதங்களில் இரண்டு கிழமைக்கு ஒருதடவை அரை மணித்தியாலம் ஓட விடுங்கள், வால்வ் சூடே பலகையைக் காயவைக்கும். கொன்ட்ரோல் கரகரத்தால் துரு எடுக்கும் எண்ணெய் அடிக்காமல், மின்தொடுகைக்கென்று விற்கும் க்ளீனரைச் சிறிது விட்டு இருபது தடவை திருகுங்கள். விலை பேசும்போது அந்தப் பழைய ஸ்டெப் டவுன் பெட்டியை விலையில் சேர்க்க விட வேண்டாம், அது பாவிக்கக் கூடாத பொருள்.